வேர்நுனி எந்தக் கைப்பக்கம்

மே 20, திங்கள்

வாயால் பேசுகிறவர்கள் பேசட்டும். நான் எழுதுவேன். எழுத்தில் நான் பெரிய வாயாடி. அது வெளியே யாருக்கும் தெரியாது.

இன்று கல்லூரிக்குப் போனேன். படிக்க அல்ல, வேலைக்கு. தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் பியூலா அக்காவுக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் தெரு செல்லையா அண்ணாச்சி அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் அங்கே லேப் அட்டெண்டர். "கை நிதானமா இருக்கணும், வாய் சும்மா இருக்கணும். ரெண்டும் உம்ம மகள்ட்ட இருக்கு" என்றாராம். அம்மா அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறும் குழு வைத்திருக்கிறாள். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்தக் குழுவில் இலை போடுவது என் வேலை. படிப்பு ஏறவில்லை, விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

பியூலா அக்கா நாசரேத்துக்காரி, கிறிஸ்தவப் பெண். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு அதே பேனாவை மேசை முழுக்கத் தேடுகிறாள். என் பெயரைக் கேட்டாள். தரையைப் பார்த்துச் சொன்னேன். "உலகம்மாளா? உலகுன்னு கூப்பிடுதேன்" என்றாள். ஒரு பிளேடையும் ஓர் அறுகம்புல்லையும் கொடுத்து, ஒரே அளவாக நறுக்கச் சொன்னாள். நறுக்கினேன். துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தவள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

மே 23, வியாழன்

ஊருக்கெல்லாம் அது பெரிய வெங்காயம், எங்களுக்குப் பல்லாரி. அக்கா ஆராய்வது அதன் வேரை. தண்ணீர் நிறைத்த சின்னப் பாட்டில்களின் வாயில் பல்லாரியை உட்கார வைக்க வேண்டும். அடி மட்டும் நனைய வேண்டும். ஓரிரு நாளில் சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக வேர் இறங்குகிறது. அலமாரி முழுக்க இப்போது பல்லாரிதான். "சாம்பாருக்குப் போடுத சாமானுக்கு டாக்டர் பட்டமா?" என்று செல்லையா அண்ணாச்சி தினமும் ஒரு தடவை கேட்கிறார். அக்கா தினமும் ஒரு தடவை சிரிக்கிறாள்.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும் போல. வேரின் நுனியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். அவற்றுக்குப் பெருகுவது மட்டும்தான் வேலை. நுனியை விட்டு மேலே தள்ளி வர வர, ஒன்று தண்ணீர் ஏறும் குழாய் ஆகும், ஒன்று தோல் ஆகும், தோலிலேயே ஒன்று மயிர் மாதிரி நீளும்.

"எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே நூல்தான் உலகு" என்றாள். "அந்த நூல உட்கருவுக்குள்ள சுத்தி வச்சிருக்கது புரதம். செல்லு ஒரு வேலைக்குன்னு ஆகும்போது அந்தப் புரதமும் மாறுது. எது மாறுது, எந்த இடத்துல மாறுதுன்னுதான் நாலு வருசமா தேடுதேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. மாறுவது அந்தச் செல்லுக்குத் தெரியுமா? நாளைக்குக் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

மே 29, புதன்

வேலை பழகிவிட்டது. நடு மேசையில் அக்கா ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இடையில் ஐஸ் நிறைத்த தட்டு, அதில் தாங்கி, தாங்கியில் ஐந்து சின்னக் குழாய்கள். ஒவ்வொரு வேரையும் ஐந்து துண்டாக வெட்டி, நுனித் துண்டு ஒரு குழாயில், அடுத்தது அடுத்த குழாயில் என்று போட வேண்டும். கை நிறைய வேர் வெட்டினால்தான் ஒரு குழாயின் அடி மறைகிறது. குழாய் மூடிகளில் எண் எழுதுவது அக்கா. என் கை எப்போதும் ஈரம்.

நுனியை ஓரத்தில் வை, வரிசை மாறாமல் வை என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். நுனியைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? சாப்பிடுகிறவருக்கு இலையின் நுனி இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். நாங்கள் எதிரே நின்று இலை போடுகிறவர்கள், எங்களுக்கு அது வலது கை. கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். இங்கேயும் அப்படியே நுனித் துண்டை என் வலது கை ஓரத்தில் வைத்தேன். எதிரே இருந்த அக்கா தன் இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் ஒத்துப்போகிற வேலை உலகத்தில் பந்தி ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

முதல் ஜெல். துண்டுகளை ஐஸில் வைத்து அரைத்து, அமிலம் ஊற்றி, சுழலும் இயந்திரத்தில் சுற்றி, கடைசியில் கிடைக்கும் சாற்றுச் சொட்டை, கடல்பாசி இனிப்பு மாதிரி நடுங்கும் ஒரு பலகையில் இறக்கி, கரண்ட் விடுகிறார்கள். நீலச் சாயம் போட்டால் புரதங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. ஒரு கோடு ஒன்றாம் எண்ணில் மெலிதாக இருந்து, ஐந்தாம் எண்ணில் தடித்திருந்தது. "புத்தகத்துல உள்ளதுதான்" என்றாள் அக்கா. குரலில் உப்பில்லை. போட்டோ எடுத்த பிறகு தூக்கும்போது ஜெல் கிழிந்துபோனது. ஒழுங்காக வரவில்லை, திரும்பச் செய்வோம் என்றாள்.

ஜூன் 10, திங்கள்

விடுமுறை முடிந்து மாணவிகள் வந்துவிட்டார்கள். நடு மேசை அவர்களுக்கு வேண்டுமாம். எங்களைச் சுவரோரத்து மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். இருவரும் சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். முழங்கை இடிக்கிறது. நான் வெட்டி நிரப்பித் தாங்கியை அப்படியே அக்கா பக்கம் நகர்த்துகிறேன், அவள் எண் போடுகிறாள். எங்களுக்கு எந்த மேசையாக இருந்தால் என்ன.

ஜூன் 19, புதன்

இன்று ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்திருந்தது. தடித்த கோடு ஒன்றாம் எண்ணில். போகப் போகத் தேய்ந்து, ஐந்தாம் எண்ணில் இல்லவே இல்லை.

"உலகு, தலைகீழா இருக்கு" என்றாள். "எல்லாப் புத்தகமும் ஒண்ணு சொல்லுது, இந்தப் பல்லாரி வேற சொல்லுது."

அதற்குப் பிறகு மாலைவரை வாய்க்குள்ளேயே வேதக்கோயில் பாட்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். வேர் நறுக்கிய பல்லாரிகளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். இரவு பல்லாரித் தீயல் குழம்பு. அம்மா, தினமும் இப்படிக் கண்டுபிடிக்கச் சொல் என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

மறுபடியும் செய்தோம். மறுபடியும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். அந்த முதல் ஜெல் கை பழகாமல் செய்தது, அதை விட்டுவிடலாம் என்றாள் அக்கா.

அவளுடைய பேராசிரியர் வேலாயுதம் சார் வந்து நெடுநேரம் பார்த்தார். ஜூலை பன்னிரண்டாம் தேதி மதுரையில் கருத்தரங்காம். அதில் பேசச் சொல்லிவிட்டார். சார் போன பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வருடமாக, சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இவள் சொல்வதைக் கேட்பாராம். இன்றுதான் இவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாராம். "எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான் உலகு. நீ வெட்டுனது" என்றாள்.

இப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆனி மாதத்துக் கடைசிக் கல்யாணங்கள். மூன்று பந்தி. கடைசியில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு நானே இலை போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, பரிமாறுதவ கணக்குல போட்டுட்டியே. இப்பம் திங்கப்போறவ நீதான? திருப்பிப் போடு."

நுனி என் வலது கைப்பக்கம் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

ஏன் இறங்கவில்லை என்று எழுதிவிடுகிறேன்.

நடு மேசையில் அக்கா எனக்கு எதிரே இருந்தாள். என் வலது அவளுக்கு இடது. நுனிக்கு ஒன்றாம் எண் விழுந்தது. சுவரோரத்தில் அவள் என் பக்கத்தில் இருக்கிறாள். என் வலது அவளுக்கும் வலது. நான் பழக்கம் மாறாமல் நுனியை என் வலது ஓரத்தில் வைக்கிறேன், அவள் பழக்கம் மாறாமல் இடது ஓரத்திலிருந்து எண் போடுகிறாள். ஒன்றாம் எண் என்று அவள் நினைப்பது நுனி இல்லை. ஐந்துதான் நுனி.

பல்லாரி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதைத் திருப்பிப் படித்துவிட்டோம்.

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். அக்கா மதுரைக்கு உடுத்த இரண்டு புதுச் சேலை எடுத்திருந்தாள். அரக்குச் சிவப்பா, கருநீலமா, எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்டாள். கருநீலத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

சொல்லவில்லை. பல்லாரிக்குத் தண்ணீர் மாற்றினேன்.

ஜூலை 10, புதன்

சாருக்கு முன்னால் அக்கா பேசிப் பார்த்தாள். துறையில் உள்ள எல்லாரும் வந்திருந்தார்கள். நான் கடைசியில் கதவோரம் நின்றேன். திரையில் எங்கள் ஜெல் ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது. அக்கா நன்றாகப் பேசினாள். முடிந்ததும் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், துண்டுகளின் வரிசையில் பிசகு வந்திருக்காதா என்று.

"உலகு வெட்டுனா பிசகாது சார்" என்றாள் அக்கா.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இப்படி எல்லாரும் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழையது. ஒன்பதாவதில் ஒரு நாள் டீச்சர் கேள்வி கேட்டு என்னை எழுப்பினார். விடை தெரியும். எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. டீச்சர் காத்திருக்கவில்லை, உட்கார் என்றார். வகுப்பு சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும். அப்புறம் போகவேயில்லை. படிப்பு ஏறாமல் இல்லை.

சரி. அன்றைக்கு நான் விடை சொல்லாததால் எனக்கு மட்டும்தான் நட்டம். நாளைக்குச் சொல்லாவிட்டால் அந்தக் கருநீலச் சேலையோடு அக்கா மதுரையில் நின்று தப்பாகப் பேசுவாள். என்னை நம்பிப் பேசுவாள். நாளைக்குச் சொல்வேன்.

ஜூலை 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மாணவிகள் வருவதற்கு முன்னால் போனேன். அக்கா பையில் ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தாள். "எக்கா" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவள் பயந்து திரும்பினாள்.

நடு மேசைக்குக் கூட்டிப்போய், பழைய இடத்தில் உட்காரச் சொன்னேன். நான் எதிரே உட்கார்ந்து, தாங்கியில் குழாய்களை வைத்தேன்.

"நுனிய எப்பவும் என் வலது கைக்குத்தான் வைப்பேன். இலை போடுத மாதிரி. இங்க இருந்தப்பம் அது உங்களுக்கு இடது. சுவரோரம் போன பெறவும் நான் மாத்தல."

பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசிவரை கேட்டாள். என்னை நடுவில் நிறுத்தவில்லை.

"என்னைக்குத் தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை பந்தியில. திங்கக்கிழமையில இருந்து வாய் வரல."

"நாலு நாளா இதத் தூக்கிட்டா அலைஞ்ச?" என்றாள். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் குழாய்க்கு ஒரு துண்டு வீதம் ஸ்பிரிட்டில் போட்டு எண் எழுதி வைப்பது அவள் வழக்கம். ஜூன் பத்தொன்பதாம் தேதியின் ஐந்தாம் எண்ணை எடுத்தாள். சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவேயில்லை. அப்புறம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நான் அதற்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கட்டம் கட்டமாகச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு உருண்டை. சில அறைகளில் உருண்டை இல்லை. இழை இழையாகப் பிரிந்து, பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாக விலகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலேயே நின்றுவிட்டது போல இருந்தது.

"பெருகிட்டு இருக்கு. இது நுனி" என்றாள் அக்கா. "அஞ்சுல நுனி இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எந்தப் பக்கம் நுனின்னு நானும் உன்ட்ட ஒரு நாளும் கேக்கலையே" என்றாள். கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சார் அறைக்குத் தனியாகப் போனாள். செல்லையா அண்ணாச்சி அந்தக் கதவுக்கு வெளியே தரையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். என்னிடம் வந்து, உள்ளே சத்தமே இல்லை, சத்தம் இருந்தால் நல்லது என்றார். வெளியே வந்த அக்கா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

ஜூலை 12, வெள்ளி

அக்கா வரவில்லை. மதுரைக்கும் போகவில்லையாம். வேறு யாரோ அந்த நேரத்தில் பேசுவார்களாம்.

பல்லாரிக்குத் தண்ணீர் மாற்றினேன். நான் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவள் நாற்காலியை இரண்டு தடவை துடைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

அக்கா வரவில்லை. என்னை இனி வர வேண்டாம் என்று சொல்வார்களோ என்று அம்மா கேட்டாள். சொல்கிறவரை போவேன் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வாயால் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

வந்துவிட்டாள். வந்ததும் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு எடுத்து, இருக்கிற தாங்கிகளுக்கெல்லாம் ஓர் ஓரத்தில் பொட்டு வைத்தாள். நுனி இனி பொட்டுப் பக்கம். அவள் எங்கே உட்கார்ந்தாலும் சரி, நான் எங்கே உட்கார்ந்தாலும் சரி. "சாமி கும்பிடுத மாதிரிலா இருக்கு" என்றார் செல்லையா அண்ணாச்சி. "நாசரேத்துல இதெல்லாம் உண்டோ?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகிவிட்டது.

பிறகு ஜெல் போட்டோக்களை மேசையில் பரப்பி, சுவரோர மேசைக்கு வந்த பிறகு செய்தவற்றின் எண்களைத் திருப்பி எழுதினாள். ஒன்று ஐந்தாயிற்று, இரண்டு நாலாயிற்று. புத்தகத்தில் உள்ளதேதான். கிழிந்துபோன முதல் ஜெல்லும் இப்போது மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மூன்றுக்கு வந்தபோது அவள் கை நின்றது.

அவள் விரல் வைத்த இடத்தில், தடித்த கோட்டுக்குக் கீழே, மயிரிழை மாதிரி இன்னொரு கோடு. மூன்றில் மட்டும். இரண்டிலும் இல்லை, நாலிலும் இல்லை. எல்லாப் போட்டோவிலும் இருந்தது.

"இத அழுக்குன்னு விட்டுட்டேன். ரெண்டு ஓரத்தையும் பாத்துட்டே இருந்தேன்லா, நடுவப் பாக்கல" என்றாள். "இத எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினாலும் மூணுதான் உலகு."

மூன்றாவது துண்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். பெருகுவதை நிறுத்திவிட்ட செல்கள் என்றாள். நுனி மாதிரியும் இல்லை, இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. அங்கே மட்டும் வந்துபோகிற ஒரு புரதமாக இருக்கலாம். அழுக்காகவும் இருக்கலாம்.

"திரும்ப வெட்டு. இன்னும் பொடியா வெட்ட முடியுமா?"

"முடியும்" என்றேன்.

ஜூலை 31, புதன்

அழுக்கு இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மூன்றாவது துண்டை மேலும் பிரித்துப் பிரித்து வெட்டி, அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். சார் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. மாறுவது செல்லுக்குத் தெரியுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் பேனாவைத் தேடினாள். தெரியாது, ஆனால் நல்ல கேள்வி என்றாள்.

இன்று வேறொன்று நடந்தது. மாணவிகளுக்கு வேர் வெட்டிக் காட்ட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அக்கா காட்டுவதாக ஏற்பாடு. எல்லாரும் வந்து நின்ற பிறகு பார்த்தால் ஐஸ் உருகிப்போயிருந்தது. "நான் போய் வாங்கிட்டு வாரேன். நீ தொடங்கு" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். வேண்டுமென்றே செய்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

நடு மேசையைச் சுற்றி மாணவிகள். எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள். மறுபடியும் ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நிற்பது போலிருந்தது. யாரோ யார் காதிலோ ஏதோ சொன்னார்கள். நான் தாங்கியைத் தூக்கிப் பொட்டைக் காட்டினேன்.

"நுனி இங்க இருக்கு" என்றேன். "என் பக்கம் நின்னா வலது, உங்க பக்கம் நின்னா இடது. கொழம்பிட்டுன்னா செவப்பப் பாருங்க."

"இது நகப்பூச்சாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். என்னை அக்கா என்றாள்.

"ஆமா. நல்லா ஒட்டுது."

சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, நகப்பூச்சைப் பார்த்து. வித்தியாசம் எனக்குத் தெரியும். அப்புறம் கை தானாக ஓடியது. ஒரு வேரை எடுத்து வெட்டினேன், எது எந்தக் குழாய் என்று சொல்லிச் சொல்லிப் போட்டேன். சுவரோரம் வரைக்கும் என் குரல் போய் வந்தது.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசியில் நின்றிருந்த ஒருத்தி கையைப் பாதி தூக்கினாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒருத்தி சிரிக்கத் தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பிளேடைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐஸ் வர இன்னும் நேரம் இருந்தது.